கொஞ்சம் இருட்டு கொடுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விழா மேடைகளுக்குக் கலைநிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் அதிகாரிகளுக்கும் திருவிழாக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் பாலக்கோடு பக்கம் மைக்செட், லைட், பந்தல் போடுகிறவன். அப்பா காலத்திலிருந்து இதே தொழில். நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிற நிகழ்ச்சியை நான் மிக்சருக்குப் பின்னால் நின்றபடி, ஓரத்திலிருந்து பார்க்கிறவன். பொம்மலாட்டத்தைப் பற்றி ஓரத்தில் நிற்பவனுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் ஒரு விழா. எந்த ஊர் என்பது வேண்டாம். நோட்டீசில் 'தோல்பாவைக் கூத்து' என்று, அதாவது தோலில் வெட்டிய படங்களைத் திரையில் காட்டும் ஆட்டம் என்று போட்டிருந்தார்கள். வேனிலிருந்து இறங்கியதோ மரப்பொம்மைகள். சரி, அச்சடித்தவர் தவறு என்று விடலாம். மேடையில் பின்பக்கம் முழுக்க எல்இடி திரை, அதில் வாழ்த்துப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டக்காரர்கள் தாங்கள் கொண்டுவந்த கருப்புத் துணியைக் கட்ட ஆரம்பித்ததும் ஒருவர் ஓடிவந்து, "திரையை மறைக்குதுங்க, அவுத்துடுங்க" என்றார். அவிழ்த்தார்கள். கொடுத்த நேரம் 15 நிமிடம். பிள்ளையார் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் போனார். அடுத்துக் கோமாளி தலையை நீட்டியபோது சிறப்பு விருந்தினர் கார் வந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, அங்கேயே பொன்னாடை போர்த்தினார்கள். ஆட்டிக்கொண்டிருந்த பெரியவர் தலையில் பொம்மையைத் தாங்கும் வளையம் அப்படியே இருந்தது, அதில் கோமாளி தொங்கிக்கொண்டிருந்தான். சால்வையில் பாதி அவன் மேல் விழுந்தது.

எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

அதற்கு முன்பே என் பக்கத்தில் நின்ற சின்னப் பெண் அவள் அம்மாவிடம் கேட்டாள்: "அந்த மாமாங்க எதுக்கும்மா பொம்மையத் தூக்கிட்டு நிக்கிறாங்க?" அவள் கேட்டதில் தப்பே இல்லை. அந்த வெளிச்சத்தில் பொம்மைகள் தெரியவில்லை, வேர்த்து நின்ற நாலு ஆட்கள்தான் தெரிந்தார்கள்.

மரப்பொம்மை ஆட்டம் எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? துணி சுற்றிய இரும்பு வளையத்தை ஆட்டுகிறவர் சும்மாடு மாதிரி தலையில் வைத்துக்கொள்கிறார். பொம்மையைத் தாங்கும் கயிறுகள் அந்த வளையத்தில்தான் கட்டியிருக்கும். பொம்மையின் கைகளை அசைக்க இரண்டு கம்பிகள் அவர் கையில். கல்யாண முருங்கை மாதிரி கனமில்லாத மரத்தில் செதுக்கினாலும், உடுப்பும் நகையும் சேர்ந்தால் பெரிய பொம்மை நாலரை அடி உயரம், 10 கிலோ எடைகூட வரும். ஒருமுறை ஆசைக்கு அந்த வளையத்தை நான் வைத்துப் பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் பிடரி இறுகிவிட்டது. அவர்கள் அதோடு குனிந்து, திரும்பி, வசனத்துக்குத் தலையாட்ட வேண்டும். சலங்கைகூட பொம்மைக் காலில் கிடையாது, ஆட்டுகிறவர் காலில்தான். அவர் மிதிக்கிறார், நமக்குப் பொம்மை நடப்பதாகக் கேட்கிறது.

இத்தனையும் செய்கிற ஆள் கண்ணுக்குத் தெரியக் கூடாது. அதற்குத்தான் அந்தக் கருப்புத் துணிகள். ஒன்று பொம்மைக்குப் பின்னால், ஆட்டுகிறவரின் உடம்பை மறைக்க. இன்னொன்று மேலே, முகத்தை மறைக்க. வெளிச்சம் முன்பக்கமிருந்து பொம்மை மேல் மட்டும் விழ வேண்டும். தோல்பாவைக்கு நேர் எதிர். அங்கே வெள்ளைத் திரை, விளக்கு திரைக்குப் பின்னால், ஆட்டுத்தோலில் வெட்டி வண்ணம் தீட்டிய படம் திரையோடு ஒட்டி நிற்கும். எது வருகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டால் லைட் போடுகிற எனக்கும் நிம்மதி. இரண்டுக்கும் பொது, சுற்றிலும் இருட்டு.

மேடையில் பேசுகிறவர்கள் மட்டும் தவறாமல் 1020ஆவது குறளைச் சொல்லிவிடுகிறார்கள். மரப்பாவையைக் கயிறு கட்டி உயிருள்ளதுபோல் ஆட்டுவதை வள்ளுவரே சொன்னார் என்று கைத்தட்டல் வாங்குகிறார்கள். அது முடிந்ததும் ஆட்டத்துக்கு 15 நிமிடம். வள்ளுவர் அந்தக் குறளில் திட்டியது வெட்கமில்லாதவர்களை என்பதை யாரும் சொல்வதில்லை.

ஓசூரைத் தாண்டினால் கர்நாடகத்தில் தோல்பாவை ஆட்டும் பீமவ்வாவுக்கு 2025இல் பத்மஸ்ரீ. அந்தப் பக்கம் ஆந்திராவில் அதே தோல்பாவை ஆட்டும் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ. நம் பக்கத்துக்கும் விருது வரட்டும், நல்லதுதான். ஆனால் நான் கேட்பது அதைவிட மலிவு.

கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி வரும், ஒகேனக்கல்லில் ஆடிப்பெருக்கு வரும், ஊர் ஊருக்குப் பாரதம் நடக்கும். அங்கே எங்காவது பொம்மலாட்டம் வைத்தால் பெரிய மேடையை விட்டுவிடுங்கள். மைதானத்தின் ஒரு மூலையில், ராட்டினச் சத்தம் எட்டாத இடமாகப் பார்த்து, தனி மேடை போடலாம். ஆறடி உயரம் வேண்டாம், தரையில் உட்கார்ந்த பிள்ளைகளின் கண்ணுக்குப் பொம்மையின் முகம் நேராக வந்தால் போதும். இருட்டிய பிறகு ஆரம்பித்து இரண்டு மணி நேரம் விடுங்கள். கோமாளி ஊர் வம்பு பேசி முடிக்கவே அரை மணி ஆகும். கூட்டம் வந்து சேருவதே அவனுக்காகத்தான். நடுவில் மைக்கைப் பிடித்து, "வருக வருக" என்று யாரையும் வரவேற்க வேண்டாம். அந்த மைக் என்னுடையது, அன்றைக்குத் தர மாட்டேன்.

அப்புறம் சம்பளம். செக் வரும், பில் பாஸ் ஆகணும் என்று மாதக்கணக்கில் அலையவிடாதீர்கள். பொம்மைப் பெட்டி, ஆர்மோனியம், மிருதங்கம், ஏழெட்டு ஆட்கள் என்று வேன் வாடகையே ஒரு தொகை. அதையாவது முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள். பொன்னாடைக் காசை அதில் சேர்த்தாலும் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த விழாவுக்குப் பிறகு முப்பது மீட்டர் கருப்புத் துணி வாங்கிக் கடையில் வைத்திருக்கிறேன். மூங்கிலும் இருக்கிறது, இரண்டு போகஸ் லைட்டும் இருக்கிறது. பொம்மலாட்டத்துக்கு என்றால் இவற்றுக்கு வாடகை கிடையாது. முந்தின நாள் சாயங்காலம் சொல்லிவிட்டால் நானே வந்து கட்டித் தருகிறேன். எல்இடி திரையை அணைக்கிற வேலை மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
பாலக்கோடு மைக்செட்காரன்