கார்னெட் காணாமல் போன மணல்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பேத்திக்குக் காது குத்திய செய்தி படித்து மகிழ்ந்தேன். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

ஓய்வு பெற்ற பிறகும் எதற்கு மணல் மணிகளை ஒட்டிவைத்த அந்தக் கண்ணாடி ஸ்லைடுகளைக் கட்டி அழுகிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு கடன் பாக்கி இருக்கிறது, அதனால்தான்.

காவிரிப் படுகையில் எண்ணெய் பிறந்தது சாத்தப்பாடி ஷேல் போன்ற களிப்பாறைகளில். அது ஊர்ந்து வந்து தங்குவது பெரும்பாலும் மணற்பாறையில். அந்த மணலை எந்த ஆறு, எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொட்டியது என்று தெரிந்தால், தடித்த மணல் எங்கே கிடக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம். நம் வேலையே அதுதானே.

பல வருடங்களுக்கு முன் ஆழமான எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுத்த பாறைத் தண்டு (கோர்) ஒன்றைப் பொடித்து, சலித்து, புரோமோஃபார்ம் என்ற கனமான திரவத்தில் போட்டேன். குவார்ட்ஸ் மிதந்தது, கனமான மணிகள் அடியில் இறங்கின. பார்த்தால் சிர்க்கான், டூர்மலின், ரூட்டைல் என்ற கனிமங்கள் மட்டும். கார்னெட் ஒன்றுகூட இல்லை. படுகைக்கு மேற்கே முழுக்கச் சார்னோகைட் பாறையும் கார்னெட் கலந்த நைஸ் பாறையும் இருக்கும்போது இது எப்படி? மணல் வேறு இடத்திலிருந்து வந்தது என்று அறிக்கையில் எழுதிவிட்டேன்.

அது தவறு, மல்லிகா. அதே கிணற்றில் மேலே எடுத்த மாதிரியில் கார்னெட் இருந்தது. ஆனால் அதன் முகமெல்லாம் படிக்கட்டு மாதிரி அரிக்கப்பட்டிருந்தது. கீழே சூடான நீர் அதை முழுசாகவே கரைத்துவிட்டது. வட கடல் மணற்பாறைகளிலும் இதே கதைதான்: ஆழம் கூடக் கூட முதலில் ஆம்ஃபிபோல் போகும், அப்புறம் எபிடோட், பிறகு கயனைட், கடைசியில் கார்னெட். இல்லாததை வைத்து 'வரவே இல்லை' என்று சொல்லிவிட முடியாது.

அதனால் இப்போது கரையாததை மட்டும் நம்புகிறேன். சிர்க்கானுக்குள் இருக்கும் யுரேனியம், ஈயம் இரண்டையும் அளந்தால் வயது கிடைக்கும். பாலக்காடு–காவிரிப் பிளவுக்கு வடக்கே பாறைகள் பெரும்பாலும் 250 கோடி வருடப் பழசு. மதுரைப் பக்கம் 55 கோடி வருடத்தை ஒட்டிய வயதுகள் நிறைய. மணலில் அந்த இளைய சிர்க்கான்கள் கூடினால் தெற்கிலிருந்தும் ஆறு வந்திருக்கிறது என்று யோசிக்கலாம். முழுப் பாறையின் வேதியியலும் துணைக்கு வரும். தோரியமும் ஸ்காண்டியமும் நீரில் எளிதில் நகராது. கிரானைட் வகையில் தோரியம் மிகும், கருங்கனிமப் பாறையில் ஸ்காண்டியம் மிகும். இரண்டின் விகிதம் மூலப்பாறையைக் காட்டிக்கொடுக்கும்.

இங்கே ஆராய்ச்சி மாணவி ஒருத்தி பழைய ஸ்லைடுகளைக் கேட்டு வந்தாள். பெட்டியோடு கொடுத்தேன், கூடவே என் அறிக்கையின் திருத்தத்தையும் நான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.

ஊட்டத்தூர் ஓடையில் நீ பொறுக்கிய மணற்பாறைத் துண்டுகள் பரணில்தான் இருக்கின்றனவா? அவை ஆழத்துக்குப் போகாத மணல், அவளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மருமகன் திருச்சி வரும்போது கொடுத்தனுப்பு. ஓடையில் எந்த இடத்தில் பொறுக்கியது என்று மேலே எழுதிவிடு.

அன்புடன்,
சரோஜா