தபால் ஊழியரின் கலைச் சேகரிப்பு

ஆசிரியருக்கு,

நவீன ஓவியம் சேகரிப்பவர் என்றாலே கோடீஸ்வரர்களைப் பற்றித்தான் எழுதுகிறோம். நியூயார்க்கின் ஹெர்பர்ட், டோரதி வோகல் தம்பதியைப் பற்றியும் எழுதுங்கள். கணவர் தபால் ஊழியர். இரவு முழுக்கக் கடிதம் பிரிக்கிற வேலை. மனைவி புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். மனைவி சம்பளத்தில் குடும்பம் நடந்தது, கணவர் சம்பளம் அப்படியே ஓவியத்துக்குப் போனது. விலை கட்டுப்படியாக வேண்டும், வீட்டுக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. வீடோ ஒரே படுக்கையறை கொண்ட வாடகைக் குடியிருப்பு. கட்டிலுக்கு அடியிலும் படைப்புகள், நடுவே பூனைகள், ஆமைகள்! கலைஞர்களான கிறிஸ்டோ தம்பதியின் பூனையைப் பார்த்துக்கொண்டதற்கு ஒரு கலைப்படைப்பே கிடைத்ததாம்.

விற்றிருந்தால் பெரும் பணக்காரர்கள் ஆகியிருக்கலாம். விற்கவில்லை. 1992-இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குத் தர முடிவெடுத்தார்கள். அனுமதிக் கட்டணம் இல்லாத இடம் என்பதும் அதற்கு ஒரு காரணம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அப்புறம் 2008-இல், அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் தலா 50 படைப்புகள் கொடுக்கும் திட்டம். ஹெர்பர்ட் 2012-இல் காலமானார்.

மாதச் சம்பளக்காரர்களும் கலையை வாங்கலாம், பொதுமக்களுக்கே கொடுக்கலாம் என்பது நம் ஊர் இளைஞர்களுக்கும் தெரியட்டும். ஞாயிறு இணைப்பில் இவர்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள்.

– ஒரு வாசகர், திருச்சி