ஹாலே நகரத்து அலமாரியில் ஓர் ஓலை

அன்புள்ள தமிழையாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறேன், பரவாயில்லை என்று போன மாதம் சொன்னீர்கள். பரவாயில்லை என்றால் நன்றாக இல்லை என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், மருந்துக்கடைப் பக்கம் போகும்போது வந்து பார்ப்பார்கள்.

போன சனிக்கிழமை நானும் நண்பர்கள் நான்கு பேரும் ஹாலே என்ற ஊருக்குப் போய்வந்தோம். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் கேட்க வேண்டியிருக்கிறது. அதை எழுத்தில் கேட்பதுதான் எனக்கு முறையாகப் படுகிறது.

ஜெர்மனியில் நான் இருக்கும் லைப்சிக்கிலிருந்து ஹாலே முப்பத்தைந்து கிலோமீட்டர்தான். ரயில் ஏறி, கொண்டுபோன ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். எங்களை நடத்திக் கூட்டிப்போக ஓர் அம்மாவை ஏற்பாடு செய்திருந்தோம். உள்ளூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் குடை, நல்ல கணீர்க் குரல். ஐந்து பேரில் யாராவது பின்தங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வரும்வரை காத்திருப்பார். அதைப் பார்த்ததுமே உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

சந்தைத் திடலில் தொடங்கினோம். அங்கே நின்றால் ஐந்து கோபுரங்கள் தெரியும். நான்கு ஒரே தேவாலயத்துக்கு உரியவை. பழைய தேவாலயங்கள் இரண்டை இடித்துவிட்டு, அவற்றின் கோபுரங்களை மட்டும் விட்டுவைத்து, நடுவில் புதிதாகக் கட்டிச் சேர்த்திருக்கிறார்கள். 1529இல் ஆரம்பித்து 1554இல் முடித்த வேலை. ஐந்தாவது, தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரம். அதில் 76 மணிகள். நாங்கள் நிற்கும்போதே அடித்தது, பேச்சு நின்றுவிட்டது. அந்தத் தேவாலயத்துக்குள் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரின் முகத்திலிருந்து எடுத்த மெழுகு அச்சு இருக்கிறது. 1546இல் அவர் உடலை விட்டன்பெர்குக்குக் கொண்டுபோகும் வழியில் ஓர் இரவு இங்கே வைத்திருந்தார்களாம். ஹேண்டல் என்ற பெரிய இசைமேதை பிறந்ததும் இந்த ஊரில்தான், 1685இல். ஊரை வாழவைத்தது உப்பு. மண்ணுக்கடியிலிருந்து ஊறிவரும் உப்புநீரைக் காய்ச்சி விற்றிருக்கிறார்கள். உப்புக் காய்ச்சுபவர்களின் சட்டைப் பொத்தானைப் போல ஒரு சாக்லேட் உருண்டை இங்கே பிரசித்தம். உங்களுக்கும் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள்.

இதெல்லாம் மதியத்துக்குள் முடிந்தது. அப்புறம்தான் பிராங்கே என்ற பாதிரியார் தொடங்கிய நிறுவனத்துக்குப் போனோம்.

ஐயா, ஒன்பதாம் வகுப்பில் எங்களைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப்போனீர்களே, நினைவிருக்கிறதா? டேனிஷ் கோட்டையைப் பார்த்துவிட்டுப் புது எருசலேம் தேவாலயத்துக்குள் போனோம். சீகன்பால்குவைப் புதைத்த இடத்தைக் காட்டி, "ஜெர்மனியிலிருந்து வந்தவர், முப்பத்தாறு வயதுதான் வாழ்ந்தார்" என்றீர்கள். நாங்கள் கடலைப் பார்க்கிற அவசரத்தில் தலையாட்டிவிட்டு ஓடிப்போனோம். அவர் படித்த ஊர் இந்த ஹாலேதான். மதம் பரப்புவதற்காக டென்மார்க் அரசர் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். ஆனால் அவர் எழுதிய கடிதங்களும் வாங்கிய புத்தகங்களும் வந்து சேர்ந்தது இங்கே, பிராங்கேயின் அநாதை இல்லத்துக்கு.

நான் ஏதோ சின்னக் கட்டடம் என்று நினைத்துப் போனேன். அது ஒரு தெருவுக்கு நீளுகிறது. 1698இல் அநாதை இல்லத்துக்குக் கல் நாட்டியிருக்கிறார்கள். பிறகு பள்ளிக்கூடம், அச்சகம், மருந்துக்கடை, நூலகம் என்று இரண்டு வரிசையாக வளர்ந்திருக்கிறது. மரச்சட்டம் வைத்துக் கட்டிய ஆறு மாடி வீடு ஒன்று நூறு மீட்டருக்கு மேல் நீளம். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இவையெல்லாம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்தன, முன்வாசலுக்கு எதிரிலேயே மேம்பாலச் சாலையும் போட்டுவிட்டார்கள், 1990க்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகப் பழுதுபார்த்தோம் என்றார் அந்த அம்மா. 'பழுதுபார்த்தோம்' என்றுதான் சொன்னார். தன் வீட்டைப் பற்றிச் சொல்வது மாதிரி இருந்தது.

அநாதை இல்லத்தின் உச்சி மாடியில் ஓர் அறை. நிறையப் படிகள். உங்கள் முழங்காலை நினைத்துக்கொண்டே ஏறினேன். பிள்ளைகள் உலகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக ஊர் ஊராகச் சேர்த்த பொருள்களை அங்கே வைத்திருக்கிறார்கள். 1741இல் ஓர் ஓவியர் ஒழுங்குபடுத்தியபடியே இன்றும் இருக்கிறது. பெரிய பெரிய அலமாரிகள், உள்ளே என்ன இருக்கிறதோ அதையே ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் படமாக வரைந்திருக்கிறார். சங்கு, சோழி, கல், பாடம் செய்த விலங்குகள். உத்தரத்திலிருந்து ஒரு முதலை தொங்குகிறது.

அங்கேதான் அந்த ஓலை இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால், நூல் கோத்து, பழுப்பேறி.

அந்த அம்மா 'மலபார் எழுத்து' என்று சொன்னார். அந்தக் காலத்தில் ஐரோப்பியர் தமிழை அப்படித்தான் அழைத்தார்கள். நான் மெதுவாக, "இது தமிழ், என் தாய்மொழி" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. குடையை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, "அப்படியானால் எங்களுக்குப் படித்துக் காட்டுங்கள்" என்றார். நண்பர்கள் நான்கு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

குனிந்து பார்த்தேன். 'க' தெரிந்தது. 'ம' தெரிந்தது. ஒரு 'ற' போல ஏதோ இருந்தது. புள்ளி கிடையாது. எது காலோ எது ரகரமோ பிரிக்க முடியவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளியும் இல்லை. என்னால் ஒரு வார்த்தைகூட முழுதாகப் படிக்க முடியவில்லை, ஐயா. "எழுத்து அடையாளம் தெரிகிறது, படிக்கத் தெரியவில்லை" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என் தோளைத் தொட்டுவிட்டு அடுத்த அலமாரிக்குப் போகாமல் அங்கேயே நின்று மீதிக் கதையைச் சொன்னார்.

தரங்கம்பாடியில் அச்சடிப்பதற்கான தமிழ் எழுத்துகளை இந்த ஹாலேயில்தான் ஈயத்தில் வார்த்திருக்கிறார்கள். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாத கைகள், வரைந்து அனுப்பிய வடிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக வெட்டியிருக்கின்றன. அவை 1713இல் கப்பலில் போய்ச் சேர்ந்தன. அளவில் மிகப் பெரிய எழுத்துகள், காகிதம் கட்டுப்படியாகவில்லை. அதனால் தரங்கம்பாடியிலேயே சின்னதாக மறுபடி வார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக அச்சாகிவிட்டது. அதற்கும் முன்னால், 1708இலேயே சீகன்பால்கு கொன்றைவேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் பெயர்த்திருக்கிறார். நீங்கள் காலை வழிபாட்டில் எங்களை ஒப்பிக்க வைத்த அதே கொன்றைவேந்தன்! நான் அதைச் சொன்னதும் போலந்துத் தோழி இரண்டு வரி கேட்டாள். அங்கேயே சொன்னேன். அது மட்டும் தடங்கலில்லாமல் வந்தது.

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் ஒரு பெரிய நூல் எழுதி அனுப்பினார். ஹாலேயில் அதை அச்சிடவில்லை. ஆளை அனுப்பியது அந்த மதத்தைக் களைவதற்கு, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்று நினைத்தார்கள். 1867இல்தான் அது சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல்! மதம் மாற்ற வந்தவர்தான் அவர், அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனாலும் எதை மாற்ற வந்தாரோ அதை முதலில் உட்கார்ந்து படித்தார். அந்தப் படிப்பைக் கிடப்பில் போட்டது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

அவர் எப்படித் தமிழ் கற்றார் என்பதுதான் எனக்கு மனதில் தங்கிவிட்டது. எழுபது வயது வாத்தியார் ஒருவரைத் திண்ணைப் பள்ளியோடு தன் வீட்டுக்கே வரவழைத்து, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகியிருக்கிறார். இந்த மொழிக்கு ஒழுங்கான இலக்கணம் இருக்கும் என்றே நினைக்காமல் வந்து இறங்கியவர், 1716இல் இதே ஹாலேயில் தமிழுக்கு ஓர் இலக்கண நூலை அச்சிட்டார். அவர் பெயரை அங்கே பல இடங்களில் பார்த்தேன். மணலில் எழுதக் கற்றுக்கொடுத்த அந்தப் பெரியவரின் பெயரைத் தேடினேன், என் கண்ணில் படவில்லை. நண்பர்களிடம் நான் அவரைப் பற்றித்தான் அதிகம் பேசினேன்.

ரயிலில் திரும்பும்போது எல்லோரும் களைத்துத் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பு விடுமுறையில் நீங்கள் வீட்டுப் பரணிலிருந்து உங்கள் தாத்தாவின் ஓலைக்கட்டை இறக்கி, "யாராவது படிக்கக் கற்றுக்கொள்கிறீர்களா, ஒரு மாதம் போதும்" என்று கேட்டீர்கள். மூன்று பேர் வந்தார்கள். நான் நுழைவுத்தேர்வு வகுப்பு இருக்கிறது என்று வரவில்லை. நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன், ஐயா. ஓலைக்கட்டு இன்னும் பரணில்தானே இருக்கிறது? நீங்கள் ஏற வேண்டாம், தம்பியை அனுப்புகிறேன், அவன் இறக்கித் தருவான். வாரத்துக்கு ஓர் ஓலையை அவனே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும். நான் தெரிந்தவரை எழுதிவைக்கிறேன், நீங்கள் போனில் திருத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை 9 மணி என்றால் உங்களுக்குப் பகல் 12:30. சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணி நேரம் தோதுப்படுமா? இல்லையென்றால் உங்களுக்கு எந்த நேரம் வசதி என்று தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு வருஷத்தில் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மாணவி