நாட்டுநாய்ச் சங்க ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களே, வராமல் இதை வாட்ஸ்அப்பில் பார்த்துக் கட்டைவிரலை மட்டும் தூக்கப்போகும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூட வேண்டும் என்பது விதி. போதிய ஆள் (கோரம்) சேர்ந்த மாதங்களில் கூடியது. ஆகஸ்டில் காரைக்குடி மாநகராட்சி ஆனதற்கு வாழ்த்துத் தீர்மானம் போட்டோம். செப்டம்பர் 28, உலக வெறிநோய்த் தடுப்பு நாளன்று தடுப்பூசி முகாம் நடந்தது. தீபாவளிக்கு முன்பு துண்டறிக்கை கொடுத்தோம்: வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் சரணாலயப் பறவைகளுக்காக வெடியே போடுவதில்லை, நாம் இரவு பத்து மணிக்கு மேலாவது நிறுத்தலாமே என்று. யாரும் நிறுத்தவில்லை. பொங்கல் விளையாட்டுப் போட்டி நிதி இல்லாததால் நடக்கவில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்களில் கைவிடப்பட்டவற்றை எடுத்து, வைத்தியம் பார்த்து, தகுந்த வீட்டுக்குத் தத்துக் கொடுப்பது நம் வேலை. தெரு நாய்களை ஏன் எடுப்பதில்லை என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வருகிறது. தெருவிலேயே பிறந்த நாய்க்குத் தெரு தெரியும். அதற்குக் கருத்தடையும் ஊசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே விடுவதுதான் முறை. ஆள் கையால் தின்று வளர்ந்த ராஜபாளையத்தைப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டால் அது காரைத் துரத்திக்கொண்டு ஓடும், அல்லது இறக்கிய இடத்திலேயே படுத்துக் காத்திருக்கும்.

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நம் நாட்டு இனங்களைப் பெயர் சொல்லிப் பேசினார். நல்ல பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளை ராஜபாளையத்தை வாசலில் கட்டிவைப்பது ஒரு கௌரவமாகிப்போனது. கன்னியும் சிப்பிப்பாறையும் முயலை ஓடிப் பிடிக்க வளர்த்த இனங்கள். வேட்டை இன்று சட்டப்படி குற்றம். ஓட இடமில்லாத நாயை மூன்றடிச் சங்கிலியில் கட்டினால் அது குரைத்துத் தீர்க்கும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வந்ததும் நமக்குத் தொலைபேசி வரும்.

இனி, இந்த ஆண்டின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆள் குடியிருக்காத வீட்டுக்கு நாய் கொடுப்பதில்லை என்று ஜூன் மாதச் செயற்குழுவில் ஒருமனதாகத் தீர்மானித்தோம். ஒருமனதாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் இப்போது அது “செயலாளரின் விதி” என்று பேசப்படுகிறது.

நம் செட்டிநாட்டுப் பகுதி உங்களுக்குத் தெரியும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், தேவகோட்டை என்று எங்கே போனாலும் முகப்பில் பூட்டுத் தொங்கும் வீடுகள். உரிமையாளர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் வீடு திறக்கும், சோறு மணக்கும், பிறகு மறுபடி பூட்டு. தேக்குத் தூணும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் திருட்டுப் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்துக்கு நாயை மருந்தாக்குவதுதான் நியாயமில்லை.

சங்கத்துக்கு ஆரம்பம் முதல் நன்கொடை தந்த ஒருவர் ஜூலையில் அழைத்தார். “ஒரு சோடி ராஜபாளையம் வேணும்ணே, நல்ல வெள்ளையா.” வீட்டில் யார் இருக்காக என்று கேட்டேன். “வாச்சுமேன் சாயங்காலம் வந்து லைட்டைப் போட்டுட்டுப் போவாரு.” நாய்க்குச் சோறு? “அவருதான் வைப்பாரு.” அவர் வராத அன்றைக்கு? பதில் இல்லை. அவருடைய முகப்பு நம் எல்லார் வீட்டையும் சேர்த்தால் வரும் அகலம். முற்றத்தில் இரண்டு நாய் தாராளமாக ஓடலாம். ஆனால் ராஜபாளையம் ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொள்ளும் நாய். நாள் முழுக்கத் தனியாகக் கிடக்கும் நாய்க்கு வீட்டு ஆள் யார், வெளி ஆள் யார் என்பது மறந்துபோகும். ஒரு நாள் பேரப்பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து இறங்கும்போது என்ன நடக்கும் என்று யோசியுங்கள். இதையெல்லாம் மரியாதையாகத்தான் சொன்னேன். அந்த மாதத்திலிருந்து அவர் நன்கொடை நின்றது. அவர் சொல்லிச் சேர்ந்த உறுப்பினர்களின் சந்தாவும் நின்றது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. இரண்டும் நின்றது ஒரே மாதத்தில் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

அவருக்கு வெளியில் யாரோ ஒருவர் குட்டிகள் விற்றார். மார்ச்சில் அவற்றில் ஒன்று நம்மிடமே வந்து சேர்ந்தது. காரணம், “கூப்பிட்டா வரமாட்டேங்குது, திமிர்”. அதற்குத் திமிர் இல்லை, காது கேட்கவில்லை. முழு வெள்ளை ராஜபாளையங்களில் இது புதிதல்ல. நிறமியைத் தரும் அணுக்கள் உட்காதில் இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே ஒலியை உணரும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. வாங்குகிறவர்கள் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பார்க்காதபோது பின்னாலிருந்து கிண்ணத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கூட்டத்தோடு வைத்துப் பார்த்தால் கேட்காத குட்டியும் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் திரும்பும். அருகில் நின்று கையைத் தட்டினால் காற்று பட்டுத் திரும்பும். ஒரு காது மட்டும் கேட்காத நாயை இப்படிக் கண்டுபிடிக்கவே முடியாது. அதற்குத் தனிக் கருவி வேண்டும்.

அந்தக் குட்டி இப்போது கண்டனூர்ப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் இருக்கிறது. கை அசைவிலேயே உட்காரவும் வரவும் கற்றுக்கொடுத்திருக்கிறார். எழுப்பும்போது தொடுவதில்லை, பக்கத்தில் தரையை மிதிக்கிறார், அதிர்வில் விழித்துக்கொள்கிறது. வார் இல்லாமல் வெளியே விடுவதில்லை. ஆச்சி சந்தாவையும் ஏப்ரலிலேயே கட்டிவிட்டார்.

கருத்தடை பற்றிய சண்டை இந்த ஆண்டும் ஓயவில்லை. “அழிஞ்சுக்கிட்டிருக்கிற இனத்துக்கே கருத்தடையா?” என்று கேட்கிறார்கள். இனத்தைக் காப்பாற்ற வேண்டியது தாய் தகப்பன் தெரிந்த, காது சோதித்த, பதிவுள்ள நாய்களை வைத்து. சாலையோரத்தில் கிடைத்த கன்னிக்கு அப்பன் யார் என்று யாருக்குத் தெரியும்? நம்மிடமிருந்து போகும் எந்த நாயும் கருத்தடை செய்யாமல் போகாது. ஒல்லி இனங்களுக்கு உடம்பில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகள் இறங்க நேரமாகும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். அவற்றுக்கு விலா எலும்பு கொஞ்சம் தெரிவதுதான் இயல்பு என்பதையும், “பட்டினி போடுறாக” என்று காவல் நிலையம் வரை போன அன்பருக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

தத்து எடுத்தவர்கள் கவனத்துக்கு: மீந்த குழம்புச் சோறு வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைக் கெடுக்கும். நம் ஊரில் சின்ன வெங்காயம் போடாத குழம்பு எது? வெந்த கோழி எலும்பும் ஆகாது, கூராக உடைந்து குடலைக் குத்தும். நாட்டு நாய்க்கு நோய் வராது என்பதும் பொய். உண்ணிக் காய்ச்சலில் ஈறு வெளுத்து, சாப்பிடாமல் சுருண்டுவிட்ட கோம்பையை இந்த ஆண்டு பார்த்தோம். நாலு வார மாத்திரையில் பிழைத்தது.

கணக்கு. வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். ஏறத்தாழ என்பதில் உள்ள வித்தியாசத்தைத் தற்போது மருந்துக்கடைக்காரர் தாங்கிக்கொண்டிருக்கிறார். பெரும்பகுதி கருத்தடைக்கும் ஊசிக்கும் தீவனத்துக்கும் போனது. சில்லறைச் செலவுகளுக்கு ரசீது உண்டு. பொருளாளரிடம் நேரில் பார்க்கலாம். சந்தா பாக்கி உறுப்பினரில் பாதிப் பேருக்கு மேல். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி நாயைக் கைவிட்டால் முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். நம் சந்தா அதைவிட அதிகம் என்பது உண்மை. அதனால்தான் கட்டத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கவில்லை.

கால்நடை மருத்துவர்களுக்கும், முகாமுக்கு இடம் தந்த பள்ளிக்கும், இரவில் வண்டி ஓட்டிய இளைஞர்களுக்கும், ஒலிபெருக்கி தந்தவருக்கும், தலைவர் அவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேறொருவர் இந்தப் பொறுப்பை ஏற்றால் மகிழ்வேன். தகுதி பெரிதாக ஒன்றுமில்லை: இரு சக்கர வண்டி, இரவில் அணைக்காத கைப்பேசி, பணக்காரரிடம் முடியாது என்று சொல்லும் வாய். யாரும் முன்வராவிட்டால் நானே தொடர்வேன். அப்படித் தொடர வேண்டுமானால் புதிதாக எடுக்கும் நாய்களைத் தனியாக வைக்க ஓர் இடம் தேவை. இப்போது அவை என் வீட்டு மாட்டுக் கொட்டகையில் இருக்கின்றன. வீட்டில் இதுபற்றிக் கருத்து இருக்கிறது. உறுப்பினர் பலருக்கு ஊரில் பூட்டிய வீடு உண்டு. முகப்பும் பட்டாலை என்னும் கூடமும் கேட்கவில்லை. பின்கட்டும் கிணறும் போதும். தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தயாராக இருக்கிறார், அவர் சம்பளம் மட்டும்தான் தயாராக இல்லை. சாவியும் சந்தாவும் கூட்டம் முடிந்ததும் காபி மேசையருகே பொருளாளரிடம் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்