அப்டேட் எப்ப வரணும்னு நீ முடிவு பண்ணு

அம்மு,

நேத்து போன்ல நீ சொன்னதே மனசுல ஓடிட்டிருக்கு, மாசம் பாதி தாண்டல அதுக்குள்ள டேட்டா காலி, விளையாடினது என்னவோ ரெண்டு மூணு ராத்திரிதான், பேசாம எல்லா கேமையும் அழிச்சிடப் போறேன்னு சொன்னியே, அழிச்சிடாத டி. வேலை முடிஞ்சு வந்து காலேஜ் பிரெண்ட்ஸோட நீ வாய்விட்டு சிரிக்கிற நேரம் அது ஒண்ணுதான். அதையும் விட்டுட்டு நீ அந்த ரூம்ல தனியா உக்காந்திருக்கறத நினைச்சாலே எனக்கு கஷ்டமா இருக்கு.

உன் டேட்டாவ காலி பண்றது விளையாட்டு இல்ல. ஆன்லைன்ல ஆடும்போது யாரு எங்க நிக்கிறா, எப்ப சுட்டான்ற சின்ன சின்ன தகவல்தான் போய் வரும், படமும் சத்தமும் ஏற்கனவே உன் கம்ப்யூட்டர்ல இருக்கு, அதனால அது பெரும்பாலும் எம்.பி கணக்கோட முடிஞ்சிடும். அப்டேட்தான் ஜி.பி கணக்கு. சில கேம்ல ஃபைல் எல்லாத்தையும் பெரிய பெரிய மூட்டையா கட்டி வச்சிருப்பாங்க, உள்ள கொஞ்சம் மாத்தினாலும் மூட்டையில பெரும்பகுதி மறுபடி இறங்கும்.

உன் லைன் 10 எம்பிபிஎஸ்னு சொன்னல்ல, அது பிட் கணக்கு, 8ஆல வகுத்தா நொடிக்கு 1.25 எம்.பிதான். 50 ஜி.பி இறங்க 11 மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவும் வேற யாரும் நெட்ட தொடாம இருந்தா. அப்ப உன் ரூம்மேட் ஆபீஸ் கால்ல இருந்தா அவ குரல் விட்டு விட்டுதான் கேக்கும், பாவம். டவுன்லோட் லைன் முழுக்க அடைச்சுக்கிட்டா மத்ததெல்லாம் ரவுட்டர்ல வரிசை கட்டி நிக்கும், உனக்கு பிங், அதான் தகவல் போய்த் திரும்ப ஆகுற நேரம், எகிறுறதும் அதனாலதான்.

நீ கேம் வாங்கி இறக்குற ஸ்டீம் ஆப்ல செட்டிங்ஸ் போய் டவுன்லோட்ஸ் திற. ஆட்டோ அப்டேட்டுக்கு நேரம் குறிக்கலாம், ராத்திரி 1லேர்ந்து காலைல 6னு வை, ஆனா கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்கு போனா டவுன்லோடும் நின்னுடும், பாத்துக்கோ. ஸ்பீடுக்கும் அங்கயே லிமிட் இருக்கு, உன் லைன்ல பாதிக்கு மேல குடுக்காத.

இதெல்லாம் நெரிசலுக்குதான், மாச டேட்டா இதுல மிச்சமாகாது. அதுக்கு லைப்ரரியில ஒவ்வொரு கேமா ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ்ல அப்டேட்ஸ் போ, கேம திறக்கும்போது மட்டும் அப்டேட் பண்ணுன்னு மாத்து. நீ மாசக்கணக்கா தொடாத கேம் எல்லாம் சத்தமில்லாம இறங்கிட்டிருக்கும், உன் டேட்டா பெரும்பாலும் அங்கதான் போயிருக்கும்னு எனக்கு தோணுது. தினம் ஆடுறத மட்டும் ஆட்டோல விடு, இல்லன்னா பிரெண்ட்ஸ் எல்லாரும் ரெடியா இருக்கும்போது நீ மட்டும் அப்டேட்ட பாத்துட்டு உக்காந்திருப்ப.

உன் ரூம்மேட்டும் அதே கேம்தான ஆடுறா? 2023லேர்ந்து ஸ்டீம்லயே ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொண்ணுக்கு வீட்டு வைஃபை வழியா கேம மாத்திக்கலாம், ஒருத்தர் இறக்கினா போதும், இன்னொருத்தருக்கு இன்டர்நெட் டேட்டா அவ்வளவா செலவாகாது. இத மட்டும் கண்டிப்பா பண்ணுங்க.

போன்ல பிளே ஸ்டோர் ஆட்டோ அப்டேட்ட ஆஃப் பண்ணிடு. வைஃபைல மட்டும்னு வச்சா போதாது, இன்னொரு போனோட ஹாட்ஸ்பாட்ல சேந்தாலும் அதையும் வைஃபைன்னே எடுத்துக்கலாம். விண்டோஸ்ல உன் வைஃபைய மீட்டர்ட் கனெக்ஷன்னு, அதாவது அளவான டேட்டா இருக்குற லைன்னு போட்டு வை, ஆனா பாதுகாப்பு அப்டேட்ட ரொம்ப நாள் தள்ளிப் போடாத, உன் ஆபீஸ் வேலை எல்லாம் அதே கம்ப்யூட்டர்லதான இருக்கு.

விண்டோஸ்ல டேட்டா யூசேஜ்னு ஒரு பக்கம் இருக்கு, எந்த ஆப் எவ்ளோ எடுத்துச்சுன்னு காட்டும், இன்னைக்கே அத போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. வேற எதாவது தின்னுட்டிருந்தா ஞாயித்துக்கிழமை கால்ல ரெண்டு பேரும் சேந்து பாத்துடலாம்.

அம்மா