விபத்து வழக்கில் வண்டியை மாற்றுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சக வழக்கறிஞர்களே,

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நேர்மையாக நடத்துகிறவர்கள் இதை மேலோட்டமாகப் படித்தாலே போதும். அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் வழக்குப் பிடிக்கும் தரகரை நிறுத்தி வைத்திருப்பவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நடப்பது நமக்குத் தெரியாததா? இரவில் பைக்கில் வந்தவர் பள்ளத்தில் சறுக்கி விழுகிறார். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் 'தானாகக் கீழே விழுந்ததாகக் கூறப்படுகிறது' என்று எழுதுகிறார்கள். ஆள் இறந்துவிடுகிறார். சில வாரங்களில், அவர்மீது மோதியதாகச் சொல்ல, இன்சூரன்ஸ் நடப்பில் உள்ள ஒரு சரக்கு வேன் முளைக்கிறது. அதற்கு ஓர் ஓட்டுநர், அந்த நேரம் பார்த்து டீக்கடையில் நின்றிருந்த ஒரு சாட்சி. ஓட்டுநர் குற்றவியல் நடுவர் மன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுகிறார். கட்டியது யார் பணம் என்று யாரும் கேட்பதில்லை. அந்தத் தீர்ப்பின் நகல் இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயத்தில் நம் சான்றாவணமாகிறது.

குட்டு வெளிப்பட்டால் 'கட்சிக்காரர் சொன்னதை எழுதினேன்' என்று நாம் ஒதுங்கிக்கொள்ளலாம். மனுவில் கையெழுத்திட்ட விதவை எங்கே ஒதுங்குவார்? மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் ஏழாண்டு வரை சிறை உண்டு. கணவனை இழந்தவர் குற்றவாளிக் கூண்டிலும் நிற்க வேண்டும்.

இத்தனைக்கும் அவருக்கு நேர்வழியே இருந்திருக்கலாம். வண்டி இறந்தவர் பெயரில் இருந்து, உரிமமும் செல்லுபடியாகி, பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பும் சேர்ந்திருந்தால், தானாக விழுந்து இறந்தாலும் 15 லட்சம் ரூபாய் கேட்கலாம். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசுத் திட்டத்தில் 2 லட்சம். 2022 ஏப்ரலுக்கு முன்பு வெறும் 25,000 ரூபாய்தான். இன்றைய தொகையும் ஓர் உயிருக்குப் போதாது. ஆசை காட்டுகிறவருக்கு அதுவே வசதி. ஆனால் தரகர் இந்த இரண்டையும் வாய் திறந்து சொல்லமாட்டார். அதில் அவருக்குப் பங்கு இல்லை. இழப்பீட்டில் பங்கு பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் நமக்கும் தடை செய்திருக்கின்றன என்பதை நினைவூட்டுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் இது எங்கே போய் முடிந்தது என்று பார்த்தோம். போலி இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்க அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. இந்த விவகாரத்தில் அக்கறை காட்டாததற்காக 2021இல் அம்மாநில பார் கவுன்சிலையே உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

இதற்கிடையே, உண்மையாகவே லாரி மோதிக் காலிழந்தவர் என்ன செய்வார்? தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் கிடந்த குடும்பம் புகார் கொடுக்கத் தாமதித்திருக்கும். அந்தத் தாமதத்தைக் காட்டியே காப்பீட்டு நிறுவனம் 'வண்டி புகுத்தப்பட்டது' என்று எதிர்வாதம் செய்கிறது. அவர் மெய் சொல்கிறார். சந்தேகத்தை நாம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறோம்.

கேட்பது இரண்டுதான். முதலில் சேர்த்த மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை ஒவ்வொரு மனுவோடும் நாமாகவே தாக்கல் செய்வோம். அந்த நகலை வெளியே எடுக்கவே பயப்பட வேண்டிய மனுக்கள் உங்களிடம் இருந்தால், கட்சிக்காரரிடம் உண்மையைச் சொல்லி, சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே திரும்பப் பெறுங்கள்.

இப்படிக்கு,
விபத்து வழக்குகளை நடத்தும் ஒரு வழக்கறிஞர்