பூட்டிக் கிடக்கும் மணல் திடல்: பூங்கா நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் கேளிக்கைப் பூங்காவின் மழலையர் பகுதியில் இருந்த மணல் திடலும் தண்ணீர்த் தளமும் எப்போது, எதற்காகப் பூட்டப்பட்டன என்பது உங்களுக்கே தெரியும். 'பராமரிப்புப் பணி நடைபெறுகிறது' என்ற பலகை வெயிலில் வெளுத்தே போய்விட்டது. போன வாரம் மூன்றாவது முறையாக அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

என் மகளுக்கு நான்கு வயது. உயரம் 103 செ.மீ. அன்று ராட்டினம் ராட்டினமாகப் போய் உயரப் பலகையோடு ஒட்டி நின்றாள். மூன்றாவது இடத்தில் நுனிக்காலில் எம்பினாள். ஊழியர் கனிவாகத்தான் சொன்னார்: "குதிகாலைக் கீழே வை பாப்பா." வைத்தாள். 120 என்ற கோடு அவள் தலைக்கு ஏறக்குறைய ஒரு சாண் மேலே இருந்தது. நான்காவது ராட்டினத்தில் யாரும் அளக்கவில்லை. அவளே பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உயர வரம்பை நான் குறை சொல்லவில்லை. சின்ன உடம்பைத் தடுப்புக் கம்பி பிடித்து நிறுத்தாது. அதில் ஒரு செ.மீ.கூடத் தளர்த்த வேண்டாம். ஆனால் 120 செ.மீ. வளரப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழு வயதாகிவிடும். அதுவரை அவர்களுக்கு உங்கள் பூங்காவில் என்ன இருக்கிறது?

தொடுதிரை அறை இருக்கிறதே என்பீர்கள். ஆறு திரைகளில் இரண்டு வேலை செய்யவில்லை. மற்றதில் கை வைத்தால் பட்டாம்பூச்சி பறக்கிறது. எங்கே வைத்தாலும் அதே பட்டாம்பூச்சி. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளுக்கு 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும், உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது. வீட்டில் கெஞ்சிக் கூத்தாடித் திரையை விட்டுப் பிரித்துக் கூட்டிவரும் பிள்ளையை இங்கேயும் அதன் முன்னால்தான் நிறுத்த வேண்டுமா?

அன்று அவள் உண்மையில் விளையாடியது ஒரே இடத்தில்தான். கைகழுவும் இடத்துக்குப் பின்னால் குழாய் கசிந்து சிமெண்டுத் தரையில் ஒரு சின்ன ஓடை. ஒரு பையன் செருப்பைக் கழற்றி அணை கட்டினான். தண்ணீர் பக்கவாட்டில் திரும்பியது. என் மகள் ஓடிப்போய் இரண்டு கூழாங்கல்லால் அந்தப் பக்கத்தை அடைத்தாள். "இங்க வை, இங்க வை" என்று ஐந்தாறு பிள்ளைகள், ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது, ஒரே கூச்சல். கால் மணி நேரம் ஆகியிருக்கும். விசில் ஊதி எல்லோரையும் கலைத்துவிட்டார்கள்.

விளையாட்டென்றால் கை வைத்த இடத்தில் ஏதோ ஒன்று மாற வேண்டும். அதைப் பார்த்து அடுத்ததைப் பிள்ளையே யோசிக்க வேண்டும். மணலிலும் தண்ணீரிலும் அது தானாக நடக்கிறது. ஆகவே கேட்கிறேன்: அந்தத் திடலைத் திறந்துவிடுங்கள்.

தன் மகள்கள் குடைராட்டினம் சுற்றுவதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாக வால்ட் டிஸ்னி சொல்லியிருக்கிறார். அவருடைய டிஸ்னிலேண்ட் 1955-இல் திறந்தது. இன்று உங்கள் பூங்காவில் பிள்ளைகளும் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். புதுப்புது ராட்டினங்களுக்கு இடம் கிடைக்கிறது, சின்னவர்களின் மூலைக்கு மட்டும் பூட்டு. இங்கே மட்டுமா? எங்கே போனாலும் அவர்கள் காதில் விழுவது தொடாதே, ஓடாதே, நனையாதே. விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவில் 1989-லேயே எழுதியாகிவிட்டது.

கோபத்தில் பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய செலவில்லை. சலித்த மணல், இரவில் அதை மூடிவைக்க ஒரு தார்ப்பாய், தண்ணீர் தேங்காத தளம், பிள்ளைகளின் கைக்கு எட்டும் அடிபம்பு, கொஞ்சம் நிழல், கவனித்துக்கொள்ள ஓர் ஊழியர். திடலைத் திறந்துவிடுங்கள். உடனே முடியாதென்றால், திறக்கும் தேதியையாவது அந்தப் பலகையில் எழுதிவையுங்கள். அதுவரை, தயவுசெய்து, பிள்ளைகளைப் பார்த்து விசில் ஊத வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நான்கு வயது மகளின் தந்தை